பூனையோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு

(வாசகர் கேள்வி – பதில் பகுதி. பதில் அளிப்பவர்: காரைக்குடியில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்)

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் பூனையைக் காரில் ஏற்றிக்கொண்டு செட்டிநாட்டுக்கு வருவதையோ இங்கிருந்து வெளியூருக்குக் கொண்டுபோவதையோ பற்றியவையாக இருந்தன. ஆகவே வழக்கம்போல ஆடு, மாடு, நாய் என்று கலந்து எழுதாமல், இந்த இதழின் பக்கங்களைப் பூனைக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் பூர்வீகம் கானாடுகாத்தான், இருப்பது சென்னையில், ஐந்தாவது மாடியில். அடுத்த மாதம் பங்காளிகள் எல்லோரும் கூடி, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வைத்திருக்கிறோம். அது முடிந்த பிறகு, பிள்ளைகளின் விடுமுறைக்காக இருபது நாள் ஊர் வீட்டிலேயே தங்குவதாக இருக்கிறோம். எங்களிடம் நான்கு வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. கருத்தடை செய்தாகிவிட்டது, வாசற்படியைத் தாண்டியதில்லை. போன முறை தடுப்பூசிக்காக இருபது நிமிடம் காரில் கொண்டுபோனதற்கே வழியெல்லாம் கத்தி, வாயில் நுரை தள்ளிவிட்டது. எட்டு மணி நேரப் பயணத்தை அது தாங்குமா? விட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை. — ஒரு வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த நுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைக் கண்டு பயந்துதான் பலர் பூனையை மறுபடியும் காரில் ஏற்றுவதே இல்லை. வீட்டுக்குள்ளேயே வளர்கிற, தடுப்பூசி போட்ட பூனைக்குக் காரில் மட்டும் வாயில் நுரை வருகிறது என்றால், அது பெரும்பாலும் குமட்டலால் ஊறும் எச்சில்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் போகும்போது, வாந்தி வருவதற்குச் சற்று முன்னால் நம் வாயில் நீர் சுரக்கிறதே, அதே நிலைதான் அதற்கும். உடல் ஆடுகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. பெட்டியின் சுவரைப் பார்க்கும் கண்ணோ எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் குமட்டல் பிறக்கிறது, பயமும் சேர்ந்தால் அது பெருகுகிறது. தங்கள் பூனைக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இதுவரை அது காரில் ஏறிய ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்த இடம் ஊசி போடும் மேசையாகத்தானே இருந்திருக்கிறது.

படைப்புக்கு மட்டும் வந்து, மூன்றாம் நாள் திரும்புவதாக இருந்தால், பூனையைக் கொண்டுவர வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். பழகிய ஒருவர் காலையும் மாலையும் வந்து சோறும் தண்ணீரும் வைத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்து, அரைமணி நேரம் உடன் உட்கார்ந்துவிட்டுப் போனால், பூனை தன் வீட்டில் தன் இடத்திலேயே நிம்மதியாக இருக்கும். ஆனால் தாங்கள் இருபது நாளுக்கு மேல் தங்குகிறீர்கள். அத்தனை நாள் அதைத் தனியே விடுவது சரியல்ல; அழைத்து வாருங்கள். ஒரு மாதம் கையில் இருப்பது நல்லதாயிற்று, ஏனெனில் இந்தப் பயணத்துக்கான வேலை இன்றைக்கே தொடங்க வேண்டியது.

அந்த வேலை பெட்டியில் தொடங்குகிறது. துணிப்பை போன்ற கூடையைவிட, மேல்மூடியும் முன்கதவும் தனித்தனியே திறக்கக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி நல்லது. உள்ளே பூனை எழுந்து நிற்கவும் முழுவதுமாகத் திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் வசதி என்று நினைத்து நாய்க்கூண்டை வாங்குகிறவர்கள் உண்டு. பிரேக் போடும்போதெல்லாம் பூனை அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டுபோய் மோதும். பெட்டியை வாங்கியதும் பரணில் ஏற்றிவிடாமல், கதவைக் கழற்றி, பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் தரையோடு வைத்துவிடுங்கள். உள்ளே தாங்கள் உடுத்தித் துவைக்காத பழைய புடவைத் துண்டு ஒன்றை விரியுங்கள். பூனையின் கன்னத்தில் மெல்லத் தடவியெடுத்த துணி ஒன்றையும் உள்ளே போடலாம். கன்னத்தில் சுரக்கும் வாசனையைத்தான் அது ‘இது என் இடம்’ என்பதற்கு அடையாளமாகக் கதவிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்து வைக்கிறது. அதே வாசனையைச் செயற்கையாகச் செய்து, பெரோமோன் ஸ்ப்ரே என்று விற்கிறார்கள். கிடைத்தால் வாங்குங்கள், பூனை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே அடித்து, அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பூனையைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள், அதுவாகப் போகட்டும். சோற்றுத் தட்டை முதலில் பெட்டிக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே கடைசியில் என்று நகர்த்திக்கொண்டே போனால், பெரும்பாலான பூனைகள் பத்து நாளில் பகல் தூக்கத்தையே அங்கே மாற்றிக்கொள்ளும். அதன்பின் கதவைப் பொருத்தி, ஒரு நிமிடம் சாத்தித் திறங்கள். மறுநாள் ஐந்து நிமிடம். அடுத்து, ஓடாமல் நிற்கும் காரில் பெட்டியை வைத்து, அதற்குப் பிடித்ததைக் கொடுத்து, மேலே கொண்டுவந்துவிடுங்கள். பிறகு தெருவை ஒரு சுற்று, பிறகு கால் மணி நேரம். இந்தச் சிறு பயணங்கள் எல்லாமே மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் முக்கியம். கார் என்றால் ஊசி என்று அது கற்றுவைத்திருப்பதை மறக்கடிக்க வேறு வழியில்லை.

பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகளைச் சரிபார்த்து, அட்டையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட வேண்டும். ஊர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டும் உண்டு. ஆனால் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். நாய்க்கான மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. உடல் உதறி, வலிப்பு வந்து இறந்துபோகும்.

சென்னையிலிருந்து கானாடுகாத்தான் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பெரம்பலூரைத் தாண்டிவிடலாம். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் வாந்தி குறையும். தண்ணீர் மட்டும் புறப்படும்வரை இருக்கட்டும். பெட்டியை வைக்கச் சிறந்த இடம் முன்சீட்டுக்குப் பின்னால் உள்ள தரைதான். முன்சீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் பெட்டி ஆடாமல் நிற்கும், அங்கே குலுக்கலும் குறைவு. காற்றுப்பை உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மேலே ஈரிழைத் துண்டு ஒன்றைப் போர்த்தி, குளிர்காற்று வரும் பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். வெளியே ஓடுகிற மரங்களும் லாரிகளும் கண்ணில் படாதபோது பயம் குறையும், பயத்தால் பெருகும் குமட்டலும் குறையும்.

முதல் முக்கால் மணி நேரம் அது கத்தத்தான் செய்யும். பிள்ளைகள் இரக்கப்பட்டுப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். மிரண்ட பூனை ஓட்டுகிறவரின் காலுக்கடியில்தான் போய் ஒளியும். பிரேக் மிதிக்குக் கீழே பூனை இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணிக்கொரு முறை நிறுத்துங்கள். எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கிறதா என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே பெட்டியைத் திறந்து, தண்ணீரும் சிறிய தட்டில் மணலும் காட்டுங்கள். பெரும்பாலான பூனைகள் வழியில் இரண்டையும் தொடாது. எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொள்வது அதற்குப் பெரிய காரியமல்ல. கத்தல் நின்றதும் தூங்கிவிட்டது என்று விட்டுவிடாமல் துண்டைத் தூக்கிப் பாருங்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து இளைத்தால் அது வெப்பத்தாலோ, மிகுந்த பயத்தாலோ, நோயாலோ தவிக்கிறது என்று பொருள். உடனே வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியைக் கூட்டிக் குளிர்ச்சி செய்ய வேண்டும். சில நிமிடங்களில் நிற்காவிட்டால் அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போகவேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், எனக்குக் கவலை சாலையைப் பற்றியது அல்ல. ஊர் வந்து சேர்ந்த பிறகுதான். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் வீடு மூடிவிடும். நம் வீடுகள் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. முகப்பில் நுழைந்தால் பட்டாலை என்கிற கூடம், முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம் என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. சன்னலில் கம்பி உண்டு, வலை கிடையாது. மனிதன் நுழைய முடியாத அந்த இடைவெளி பூனைக்கு வாசல். மேலே ஏறிவிட்டால், பல இடங்களில் ஓட்டுக்கு ஓடு தொட்டுக்கொண்டு தெரு முழுவதும் ஒரே கூரைதான்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் என் மகளின் பூனை மதுரையிலிருந்து வந்தபோது, பார்க்க ஆசைப்பட்டுக் கூடிய பிள்ளைகளுக்காக நானே முகப்பில் பெட்டியைத் திறந்தேன். அது யாரையும் பார்க்கவில்லை. வயிறு தரையில் உரச ஆத்தங்குடித் தரைக்கல்லின்மேல் வழுக்கிக்கொண்டே ஓடி, வளவின் மரத்தூணில் நகத்தை ஊன்றி ஏறி, தாழ்வாரத்து ஓட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். மூன்று இரவுகள் தேடினோம். நான்காம் இரவு ஊர் அடங்கிய பிறகு, பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுக்கொண்டே மகள் அதன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வீட்டின் பூட்டிய அடுப்படிக் கூரையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரை எழுப்பிச் சாவி வாங்கி ஏணி போட்டோம். மீசையெல்லாம் ஒட்டடை, மகளின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடியும்வரை நடுங்கியது. தவறு முழுவதும் என்னுடையது. தாங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆகவே தாங்கள் புறப்படுவதற்கு முன்பே, வளவைச் சுற்றித் தங்கள் புள்ளிக்கு, அதாவது தங்கள் குடும்பத்துக்கு, உரிய அறையைத் திறக்கச் சொல்லி, சன்னலுக்குக் கொசுவலை அல்ல, கம்பி வலை அடிக்கச் சொல்லுங்கள். கதவின் அடியிலும் தண்ணீர் போகும் துவாரத்திலும் கைநுழையும் இடைவெளி இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். கார் வந்து நின்றதும் மூடிய பெட்டி நேராக அந்த அறைக்குள் போகட்டும். கதவைத் தாழிட்ட பிறகே பெட்டி திறக்கப்பட வேண்டும். சென்னையில் பயன்படுத்திய அதே மணல், அதே தட்டு, பழைய மணலில் ஒரு கைப்பிடி கலந்தது, ஒரு மூலையில் இருக்கட்டும். சோறும் தண்ணீரும் எதிர்மூலையில். பெட்டியை எடுத்து ஒளிக்காதீர்கள். இந்த ஒரு மாதத்தில் அது பூனைக்கு வீடாகிவிட்டது, புது ஊரில் அதற்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். முதல் நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்து சாப்பிடாமல் இருந்தால் பதறவேண்டாம். இரண்டு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி நீண்டால், குறிப்பாகப் பருத்த பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

படைப்பு அன்றைக்கு வீட்டில் நூறு பேர் இருப்பார்கள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்; ‘உள்ளே பூனை, திறக்கவேண்டாம்’ என்று எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அதேபோல், பங்காளி வீட்டார் வந்து தங்கள் அறைகளைத் திறந்து பாத்திரம் எடுத்துவிட்டுப் பூட்டுகிற நாள் அது. பிறகு எப்போதாவது பூனையை வளவில் உலவவிட்டால், பூட்டப்போகும் ஒவ்வோர் அறையையும் ஒரு முறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சாவி கோலாலம்பூருக்குப் போன பிறகு உள்ளிருந்து சத்தம் கேட்டால் பூட்டை உடைக்கத்தான் வேண்டியிருக்கும். பந்தியில் மிஞ்சிய கோழிக் குழம்பும் ஆட்டுக்கறிச் சுக்காவும் பூனைக்கு வேண்டாம். நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத கறி ஏது? இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மசாலா சேர்க்கும் முன், வெறும் தண்ணீரில் வேகவைத்த எலும்பில்லாத கறியில் நான்கு துண்டு தனியே எடுத்துவைக்கச் சொன்னால் ஆச்சிமார்கள் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வரும்போது பிள்ளையார்பட்டியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம். பூனை பெட்டியில் இருக்க, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போனால் பத்து நிமிடம் தாங்காதா? — ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: தாங்காது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, வெயிலில் நிற்கும் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 45 டிகிரியும், அரைமணியில் 50-க்கு மேலும் ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் இது பெரிதாகக் குறைவதில்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி. உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் அதற்கு வியர்ப்பதில்லை. கோயிலில் பத்து நிமிடம் என்று நினைத்துப் போவது எத்தனை நிமிடத்தில் முடியும் என்பது தங்களுக்கே தெரியும். ஏசி ஓடுகிற காரில் ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய்வந்து, பிறகு அவர் போகலாம். ஓட்டுகிறவர் மட்டுமே வருகிறார் என்றால் அன்றைக்குப் பிள்ளையாரைச் சாலையிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: பெங்களூருக்குக் கொண்டுபோகவேண்டிய பூனைக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு நானே கொடுக்கலாமா? காய்ச்சல் மாத்திரையில் கால் பகுதி கொடுத்தால்கூட அமைதியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். — ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: அந்தக் கடைசி யோசனையைக் கொடுத்தவரிடம் தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நம் வீடுகளில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுகிற பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஆகவே அது நஞ்சாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறிப் பூனை இறக்கும். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும்; கால் பங்கு என்பதும் பாதுகாப்பான அளவல்ல. நல்லெண்ணத்தோடு கொடுத்துவிட்டு, பிறகு துணியில் சுற்றித் தூக்கி வந்து என் மேசையில் வைத்தவர்களின் முகம் எனக்கு மறப்பதில்லை. தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே கொண்டுவாருங்கள். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்து உண்டு.

பயணப் பயத்துக்கு மருந்தே இல்லை என்று சொல்லவரவில்லை. கேபாபென்டின் என்ற மருந்தை இப்போது பூனைகளுக்குப் பரவலாகக் கொடுக்கிறோம். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் பதற்றம் தணியும். நடை சற்றுத் தள்ளாடும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அளவைப் பூனையின் எடையையும் வயதையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். எழுதி வாங்கியதும், பயணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டிலேயே ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். தங்கள் பூனைக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டிய இடம் வீடு, நெடுஞ்சாலை அல்ல. வாந்திக்கும் தனியே நல்ல மருந்து இருக்கிறது. ஆழ்ந்து தூங்கவைக்கும் மயக்க மருந்தை மட்டும் நான் பயணத்துக்கு எழுதுவதில்லை. அவற்றில் சில உடலைக் கட்டிப்போடுமே தவிரப் பயத்தைக் குறைப்பதில்லை. ஓடவும் முடியாமல், பயமும் தெளியாமல் கிடக்கிற பூனையைப் பார்த்துத் தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: வாடகைக் காருக்குச் சொன்னோம். பூனை வருகிறது என்று தெரிந்ததும் ஓட்டுநர் மறுத்துவிட்டார். பூனை குறுக்கே வந்தாலே வண்டியை நிறுத்துகிறவர், வண்டிக்குள்ளேயே ஏற்றுவாரா என்று வீட்டிலும் சொல்கிறார்கள். என்ன செய்வது? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இரவெல்லாம் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்குச் சகுனம் என்பது உயிர்ப் பயத்தோடு சேர்ந்தது, அவரிடம் வாதாடி ஏறினால், வழியில் டயர் பஞ்சரானாலும் பழி பூனையின்மேல்தான் விழும். மனமில்லாதவரை வற்புறுத்தாமல் வேறொருவரைப் பாருங்கள். வண்டி பேசும்போதே பூனை வருகிறது, பெட்டியில்தான் இருக்கும், திறக்கமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். மறுப்பதற்குப் பல நேரங்களில் சகுனத்தைவிடச் சீட்டில் ஒட்டும் பூனை முடியும் மூத்திர நாற்றமும்தான் காரணம். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பும், பெட்டிக்குள் உறிஞ்சும் விரிப்பும், மாற்றுவதற்கு இரண்டு பழைய வேட்டித் துண்டும் கொண்டுபோகிறோம், வண்டியைச் சுத்தமாகத் திருப்பித் தருவோம் என்று உறுதி சொன்னால், என் அனுபவத்தில் ஒத்துக்கொள்கிறவர்களே அதிகம். அந்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். அடுத்து பூனையோடு வருகிறவருக்கும் அந்த வண்டி தேவைப்படுமல்லவா?

கேள்வி: எங்கள் அப்பத்தா வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. பிறந்து ஒரு மாதம் ஆகிறது. ஒன்றை மதுரைக்கு எடுத்துப்போக ஆசை. மூடியுள்ள பெரிய ஓலைக் கொட்டானில் வைத்துக் காரில் கொண்டுபோகலாம் என்கிறார் அப்பத்தா. — ஒரு கல்லூரி மாணவி, ஆத்தங்குடி

பதில்: ஒரு மாதத்தில் பிரிக்க வேண்டாம். குறைந்தது எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும். பத்து வாரம் என்றால் இன்னும் நல்லது. கடித்தால் வலிக்கும், நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு விளையாட வேண்டும் என்பதையெல்லாம் குட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வது இந்த நாட்களில்தான். சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி, பின்னாளில் தங்கள் கையைத்தான் கடித்துப் பழகும்.

கொட்டான் அழகானது, காற்றும் போகும். அப்பத்தாவின் எண்ணத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் அதன் மூடி கவிழ்த்து வைப்பதுதானே தவிரத் தாழ் கிடையாது. இரண்டு மாதக் குட்டி தலையால் முட்டினால் மூடி தூக்கிக்கொள்ளும். கயிறு போட்டுக் கட்டினால் இடைவெளியில் கழுத்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். குட்டிக்குப் பழக்கமான கொட்டானின் உள்விரிப்பை மட்டும் எடுத்து அதில் போடுங்கள். பெரிய பூனைபோலக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கொஞ்சமாகக் கொடுத்து, வழியில் ஒரு முறையும் சிறிது கொடுக்கலாம். ஆத்தங்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பயணந்தான். குட்டிகள் பெரும்பாலும் அதைத் தூங்கியே கழித்துவிடும். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்வதைப் பற்றியும் அப்பத்தாவிடம் பேசுங்கள். மீதி மூன்று குட்டிகளுக்கு வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: அப்பச்சி (அப்பா) காலமான பிறகு தேவகோட்டை வீட்டில் ஆத்தா (அம்மா) தனியாக இருக்கிறார்கள். இனிமேல் கோயம்புத்தூரில் எங்களோடு இருக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, அவர்களுடைய பதினொரு வயது ஆண் பூனையும் வர வேண்டும் என்பது. அது பகலில் வளவிலும் இரவில் ஓட்டின்மேலும் சுற்றிப் பழகியது. அதை இடம் மாற்றினால் இறந்துவிடும், வீட்டோடு விட்டுவிடுங்கள், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆளைவிட இடத்தைப் பூனை அதிகம் நம்பும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. இடம் மாறினால் இறந்துவிடும் என்பதில் உண்மை இல்லை. பதினொரு ஆண்டு தட்டில் சோறு வைத்து வளர்த்த பூனை, பூட்டிய வீட்டில் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்பதிலும் உண்மை இல்லை. பல் தேய்ந்த வயது அது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அழைத்துப்போங்கள். தங்கள் ஆத்தாவான அந்த ஆச்சி வைத்த நிபந்தனை மிக நியாயமானது. வீட்டையும் தெருவையும் தெரிந்த முகங்களையும் விட்டு வருகிறவர்கள், கையோடு ஓர் உயிரைக் கொண்டுவரக் கேட்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் சிறுநீரகக் கோளாறு அதிகம். நீண்ட பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அது முற்றிவிடும். ஆண் பூனை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடமாற்றத்தின் பதற்றத்தில் சிலவற்றுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்கிறது. மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் அல்ல. மறுநாள்வரை காத்திருக்கக் கூடாத அவசரம். உரத்த குரலில் கத்துவதும், அடிவயிற்றைத் தொடவிடாததும் அதோடு சேர்ந்து வரும்.

வெளியே மண்ணைத் தோண்டிப் போய்ப் பழகிய பூனைக்குக் கடைமணல் புரியாது. தேவகோட்டையில் இருக்கும்போதே தட்டில் தோட்டத்து மண்ணைப் போட்டு வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைமணலைக் கலந்துகொண்டே வாருங்கள். சாலையில் செய்ய வேண்டியவை எல்லாம் சென்னை வாசகிக்குச் சொன்னவையே. வயதான பூனை என்பதால் பெட்டிக்குள் தடித்த மெத்தை ஒன்று போடுங்கள், மூட்டு வலி இருக்கும்.

கோயம்புத்தூரில் முதல் அறையாக ஆச்சி படுக்கும் அறையையே கொடுத்துவிடுங்கள். குறைந்தது நான்கு வாரத்துக்கு வெளியே விட வேண்டாம். அதற்குள் விட்டால் தேவகோட்டைக்குத் திரும்பப் புறப்படுகிறேன் என்று ஏதாவது ஒரு திசையில் நடக்கத் தொடங்கிவிடும். அதன்பின்னும் வெளியே விடாமல், வலையடித்த பால்கனியோடு நிறுத்திக்கொள்வதே என் விருப்பம். தெரியாத ஊர்ப் போக்குவரத்தைப் பதினொரு வயதில் கற்றுக்கொள்ள முடியாது. ஓட்டின்மேல் ஏறிப் பழகிய கால்களுக்காக, சன்னலோரம் உயரத்தில் அகலமான பலகை ஒன்று அடித்து, ஏறுவதற்குப் படிபோல ஒரு முக்காலியும் வையுங்கள். இரவில் கத்தினால் கோபிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும். கழுத்துப் பட்டையில் தங்கள் கைப்பேசி எண் தெளிவாக எழுதியிருக்கட்டும். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகைப் பட்டையாக வாங்குங்கள். கோயம்புத்தூரில், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தும் மருத்துவரைக் கேட்டு அதையும் செய்துவிடலாம்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் எல்லாவற்றையும் துவைத்து மடித்து மூட்டை கட்டுவார்கள். ஆச்சியின் போர்வை ஒன்றை மட்டும் துவைக்கவேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்; பெட்டிக்குள்ளும், பிறகு அந்தப் பலகையின்மேலும் விரிக்க அது வேண்டும்.